இடது கை பிரேக்: ஹை அட்லஸ் மலையில் ஒரு விபத்து, அதன் முழு ஆய்வு

2024 அக்டோபரில் மொராக்கோவின் ஹை அட்லஸ் மலைக்கு ஆறு நாள் பயணம் போயிருந்தோம். ஐந்து நாள் நடை, ஆறாம் நாள் சைக்கிள். அந்த ஆறாம் நாள் காலை பத்தே முக்கால் மணிக்கு, இம்னான் பள்ளத்தாக்கின் ஒரு வளைவில், எங்கள் குழுவில் ஒருவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டார். இடது காறை எலும்பு முறிந்தது. தலைக்கவசம் நெற்றிப் பக்கம் பிளந்துவிட்டது. இப்போது நலமாக இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். நான் "டீச்சர்" என்றே குறிப்பிடுகிறேன், எங்கள் குழுவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

கோயம்புத்தூரில் ஞாயிறுதோறும் சேர்ந்து ஓட்டும் ஆறு பேர் நாங்கள். பயணத்தை ஏற்பாடு செய்தவன் நான். ஏஜென்சியோடு மாதக்கணக்கில் கடிதம் எழுதியதும், இன்ன நாளில் இன்ன ஊர் என்று முடிவு செய்ததும் நான்தான். "சரளையில் சறுக்கி விழுந்துட்டாங்க" என்று சொல்லி முடித்துவிடலாம். ஊருக்கு வந்ததும் நாங்களும் அப்படித்தான் சொன்னோம். ஆறு பேரும் உட்கார்ந்து அந்தக் காலையை நிமிடம் நிமிடமாகத் திரும்பப் பார்த்தபோதுதான், சறுக்கவே இல்லை என்பது புரிந்தது.

போன வழி

மராகேஷிலிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் வீர்கான். அங்கிருந்து அஸ்ஸாதென் பள்ளத்தாக்கில் ஏறி திசி உசெம் என்ற ஊர். மறுநாள் 2489 மீட்டர் உயரத்தில் உள்ள ம்ஸிக் கணவாயைக் கடந்து இம்லில் வழியாக அரும்ட். நான்காம் நாள் சிதி ஷம்ஹரூஷ் தர்கா வரை ஏறித் திரும்பினோம். ஐந்தாம் நாள் தமாதெர்த் கணவாய் தாண்டி தஷெதிர்த். ஏறக்குறைய 2300 மீட்டரில் உள்ள ஊர். 4167 மீட்டர் உயரமுள்ள டூப்கால் உச்சி, வட ஆப்பிரிக்காவிலேயே உயரமானது, இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. ஊர்களின் வழியாக நடப்பதுதான் நோக்கம்.

இங்கே இருப்பவர்களை வெளியுலகம் பெர்பர் என்கிறது. பிறர் வைத்த பெயர் அது. அவர்கள் தங்களை இமாஸிகென் என்பார்கள், ஒருமையில் அமாஸிக். இந்த மலைப் பகுதியில் பேசுவது தஷெல்ஹித். அமாஸிக் மொழி 2011 அரசியலமைப்பில்தான் அரபியோடு ஆட்சிமொழி ஆனது. அவர்களுடைய புத்தாண்டான யென்னாயெருக்கு 2024 ஜனவரியில்தான் முதல்முறையாக அரசு விடுமுறை கிடைத்தது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது குரலில் தெரிந்த பெருமையை எங்களால் புரிந்துகொள்ள முடிந்தது. மொழிக்காக ஊர் திரண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமும்.

ஊர்கள் எல்லாம் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணும் கல்லும் சேர்ந்த வீடுகள், கீழே படிக்கட்டு வயல், வயலுக்கு மேலே தர்கா என்னும் வாய்க்கால். (தர்கா என்றால் அவர்கள் மொழியில் பாசன வாய்க்கால். மேலே சொன்ன வழிபாட்டுத் தர்காவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தண்ணீரை முறை வைத்துப் பிரிக்கிறார்கள், நம் ஏரிப்பாசன ஊர்களில் முறைப்பானை வைத்ததைக் கேள்விப்பட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். அக்டோபர் வால்நட் உலுக்கும் காலம். பச்சைத் தோலை உரிக்கும் கை கருத்துப் போகும், சோப்பு போட்டாலும் போகாது. அந்த வாரம் கைகுலுக்கிய கைகளில் பாதி கறுப்பாக இருந்தன.

2023 செப்டம்பர் 8 இரவு 11 மணி 11 நிமிடத்துக்கு வந்த 6.8 அளவு நிலநடுக்கத்தின் மையம் இதே அல் ஹவூஸ் மாகாணத்தில்தான். ஏறத்தாழ 3000 பேர் இறந்தார்கள். நாங்கள் போனபோது ஓராண்டு கடந்திருந்தது. கூடாரத்தில் இருந்த குடும்பங்களைப் பார்த்தோம், பாதி எழுந்த சிமெண்ட் சுவர்களைப் பார்த்தோம். சாலைகள் மண்சரிந்து மூடியபோது மேல் ஊர்களுக்கு மாவும் போர்வையும் கொண்டுபோனவை கோவேறு கழுதைகள். அந்த விலங்குக்கு அங்கே இருக்கும் மதிப்பு தெரிந்தால்தான் பின்னால் நான் சொல்லப்போவது விளங்கும்.

ஐந்து நாள் நடை எப்படி நடத்தப்பட்டது

முன்னால் வழிகாட்டி, பின்னால் கோவேறு கழுதைக்காரர்கள் இரண்டு பேர். வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். முதல் நாள் வீர்கானில் எங்களை ஒரு சுவரோரம் உட்காரவைத்து ஒவ்வொருவர் ஷூவையும் கையில் வாங்கி அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தார். ஒருவர் ஷூவில் கோந்து விட்டிருந்தது. நூல் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கணவாயிலிருந்து இறங்கும் முன் எல்லோரையும் நிறுத்தி, கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டச் சொன்னார். விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது என்பதற்காக. ஒருவருக்கு லேசாகத் தலைவலி என்றதும் அன்று மாலை வரை அவர் பக்கத்திலேயே நடந்தார். இரவு உணவுக்கு முன், தேநீர் ஊற்றும் நேரத்தில், மறுநாள் பாதையைத் தரையில் அடுப்புக்கரியால் வரைந்து காட்டுவார்.

இதையெல்லாம் ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், நடைப் பகுதியில் ஒரு ஒழுங்கு இருந்தது. அது ஏட்டில் எழுதிய விதி இல்லை. மலைவாசிகளின் பழக்கமும் வழிகாட்டிப் பயிற்சியும் சேர்ந்து வந்தது. மொராக்கோவில் மலை வழிகாட்டிகளுக்குப் பயிற்சிப் பள்ளியே உண்டு, மத்திய ஹை அட்லஸில் தபன்ட் என்ற ஊரில். ஐந்து நாளும் நாங்கள் அந்த ஒழுங்குக்குள் பத்திரமாக இருந்தோம். பத்திரமாக இருந்ததே தெரியாத அளவுக்குப் பத்திரமாக.

ஆறாம் நாள் காலை

சைக்கிள்களை வேறொரு ஆள் கொண்டுவந்தார். மராகேஷிலிருந்து வந்த இளைஞர், சைக்கிள் வழிகாட்டி. எட்டு மணிக்கு வருவதாகப் பேச்சு, பிக்கப் வண்டி தஷெதிர்த் வந்து சேர்ந்தபோது ஒன்பது இருபது. அதற்குள் எங்கள் உடம்பு ஆறிவிட்டது. ஜாக்கெட் போட்டுக்கொண்டு சாலையோரம் காலை மாற்றி மாற்றி நின்றோம். கீழே அஸ்னியில் மதியச் சாப்பாடு சொல்லியாயிற்று. கழுதைக்காரர்கள் இம்லில் திரும்ப வேண்டும். எல்லோருக்கும் அவசரம்.

இளைஞர் சைக்கிளை இறக்கிக்கொண்டே உயரத்தைப் பார்த்து ஆளுக்கு ஒன்று நீட்டினார். டிஸ்க் பிரேக், ஹைட்ராலிக், நல்ல வண்டிகள்தான். குறை சொல்ல முடியாது. அப்போது அவர் ஒரு வாக்கியம் சொன்னார்: இடது முன், வலது பின். பிரெஞ்சில் சொன்னார். பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்குக் கேட்டது, அதில் ஒருவருக்குத்தான் புரிந்தது. நடை வழிகாட்டி எங்கள் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சைக்கிள் அவர் பொறுப்பு இல்லை; எங்களோடு இளைஞரின் ஒரு சைக்கிளில் ஏறிக் கீழே வரத்தான் அவருக்கும் திட்டம். ஐந்து நாள் எங்கள் ஷூக்கயிற்றைக்கூடப் பார்த்த மனிதர் அந்த அரை மணி நேரம் விருந்தாளியைப் போல ஒதுங்கி நின்றார். அது அவர் தப்பு இல்லை. யார் பொறுப்பு யாரிடம் மாறுகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒன்பது ஐம்பதுக்குப் புறப்பட்டோம். பிக்கப் வண்டி பைகளோடு எங்களுக்கு முன்னால் அஸ்னிக்கு இறங்கிவிட்டது.

வளைவு

இம்னான் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் தஷெதிர்த், வாயில் அஸ்னி. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். பிஸ்ட் என்று அவர்கள் சொல்லும் மலைச்சாலை. சில இடத்தில் தார், பல இடத்தில் சரளை. ஊருக்கு ஊர் வால்நட் நிழல். முதல் ஒரு மணி நேரம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

டீச்சர் நான்காவதாக வந்தார், நான் ஐந்தாவது. அவருக்கும் எனக்கும் இருபது மீட்டர் இருக்கும். இடப்பக்கம் கல்சுவர், வலப்பக்கம் மொட்டை மாடி வரிசையாகக் கீழே இறங்கும் ஊர். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "பாலக்! பாலக்!" இரண்டு முறை. நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த நொடி வளைவைச் சுற்றி ஒரு கோவேறு கழுதை வந்தது. முதுகில் ஷ்வாரி என்னும் இரட்டைப் பை, இரண்டு பக்கமும் வால்நட் மூட்டை பிதுங்கியபடி. பாதையில் முக்கால்வாசியை அது அடைத்துக்கொண்டது.

டீச்சர் பிரேக் பிடித்தார். சைக்கிளின் பின் சக்கரம் எழுந்தது. நான் பார்த்தது இவ்வளவுதான்: பின் சக்கரம் தரையை விட்டு, என் கண் உயரத்துக்கு வந்து, சுற்றிக்கொண்டே நின்றது. பிறகு அவர் கழுதையின் கால்களுக்கு ஒரு கை தள்ளி விழுந்து கிடந்தார். கழுதை மிரண்டு சுவரில் உரசியதில் ஒரு மூட்டை கிழிந்து வால்நட் சாலையெல்லாம் உருண்டது.

அடுத்த ஒரு மணி நேரம்

எழுந்திருக்கப் போனவரை நடை வழிகாட்டி தோளைத் தொடாமல், நெஞ்சுக்கு மேல் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். பெயர், கிழமை, எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று கேட்டார். விரல்களை அசைக்கச் சொன்னார். கழுத்தை அழுத்திப் பார்த்து வலி இல்லை என்று தெரிந்த பிறகுதான் உட்காரவைத்தார். தலையில் சுற்றியிருந்த ஷெஷ் துணியை அவிழ்த்து, முழங்கையைத் தாங்கும்படி கட்டி, இன்னொரு சுற்றால் கையை மார்போடு சேர்த்தார். முழுதும் நான்கு நிமிடம் ஆகியிருக்காது.

மேல் வீட்டிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்து, எதுவும் கேட்காமல் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டார். சிறுமி ஒருத்தி தட்டில் புதினாத் தேநீர் கொண்டுவந்தாள். வழிகாட்டி வேண்டாம் என்றார். அந்த ஊரில் தேநீரை மறுப்பது எளிதில்லை. அவர் தஷெல்ஹித்தில் மெதுவாக, நீளமாக விளக்கினார்: தலையில் அடி, மராகேஷில் ஆபரேஷன் தேவைப்படலாம், வயிறு காலியாக இருக்க வேண்டும். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, டம்ளரை டீச்சரின் வலக் கைக்குள் வைத்து மூடினார். குடிக்க இல்லை, குளிருக்குப் பிடித்துக்கொள்ள. நடுங்கிக்கொண்டிருந்த கை அடங்கியதை நான் பார்த்தேன்.

அந்த வளைவில் செல்போன் சிக்னல் இல்லை. பிக்கப் வண்டி கீழே போய்விட்டது. ஊர்ப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் கீழ் முனைவரை போய், சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து ஓட்டுநரை அழைத்தான். வண்டி திரும்பி வந்தபோது பதினொன்று நாற்பது. விழுந்து ஐம்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அஸ்னியில் முதலுதவி, அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மராகேஷ், எக்ஸ்ரே. எலும்பு விலகாத முறிவு, அறுவை தேவைப்படவில்லை.

காத்திருந்த அந்த நேரத்தில்தான், சாய்ந்தபடியே, டீச்சர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, நான் லெஃப்ட்டத்தானுங்க புடிச்சேன். அது பின்னாடி பிரேக்குதானுங்களே?"

காரணம்

விபத்தின் வித்து அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

நம் ஊர் சைக்கிளில் வலது கை முன் சக்கரம், இடது கை பின் சக்கரம். ஸ்கூட்டரிலும் அப்படியே. டீச்சர் இருபது வருடமாக ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகிறவர். அவசரத்தில் இடது கையை நம்பலாம் என்று அவர் உடம்பு படித்து வைத்திருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான பல வண்டிகளில் இடது கையைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே பிடிக்கும். ஆகவே அந்த நம்பிக்கை இன்னும் கூடியிருக்கிறது. ஐரோப்பியக் கண்டத்து வழக்கப்படி வரும் வண்டிகளில் இது தலைகீழ். நாங்கள் ஓட்டியவை அந்த வகை. இடது கையைப் பிடித்தால் முன் சக்கரம் நிற்கும்.

முன் பிரேக் கெட்டது இல்லை. வண்டியை உண்மையில் நிறுத்துவது அதுதான். ஆனால் நிற்கும்போது எடை முன்னால் சாயும். இறக்கத்தில் ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கிறது. இருக்கையும் உயரமாக இருந்தது. தஷெதிர்த்தில் யாரும் அதை இறக்கவில்லை. நம் வீட்டு சைக்கிளில் வயர் பிரேக், முழுக் கையால் அழுத்திப் பழக்கம். ஹைட்ராலிக் டிஸ்க்குக்கு ஒரு விரல் போதும். அவர் நான்கு விரலாலும் பிடித்தார், குளிரில் விறைத்த விரலால்.

முதல் ஒரு மணி நேரம் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று எங்களில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. யோசித்து, மெதுவாக, இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கும்போது எது முன் எது பின் என்பது தெரியவே தெரியாது. திடீரென்று பிடிக்கும்போது மட்டும்தான் உடம்பு தன் பழைய பாடத்துக்குப் போகும். ஆகவே "ஒரு மணி நேரம் ஓட்டிட்டோம், பழகிடுச்சு" என்பது நம்பத் தகுந்த ஆறுதல் இல்லை.

இளைஞர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் சரியான வாக்கியம். ஆனால் காதில் விழுந்தால் மட்டும் போதாது, கையில் ஏற வேண்டும். சமதரையில் பத்து நிமிடம், ஒவ்வொரு கையாகத் தனித்தனியே பிடித்துப் பார்த்திருந்தால் ஏறியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தைத் தாமதம் தின்றுவிட்டது. தாமதத்தைவிடப் பெரிய காரணம், நடையிலிருந்து சக்கரத்துக்கு மாறும் அந்த இடத்துக்குப் பொறுப்பாளரே இல்லாமல் போனது. நடை வழிகாட்டிக்கு எங்களைத் தெரியும், சைக்கிள் தெரியாது. இளைஞருக்குச் சைக்கிள் தெரியும், எங்களைத் தெரியாது. ஐந்து நாள் இறங்கி முட்டி தளர்ந்த ஆறு பேர் என்பதும், இடப்பக்கம் போகும் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டையும் அறிந்தவன் நான் ஒருவன்தான்.

"பாலக்" என்றால் "வழி விடு". மொராக்கோவில் பாரம் ஏற்றிய கழுதையோடு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் சொல். மராகேஷ் சந்துகளிலேயே காதில் விழும். ஐந்து நாள் நாங்கள் தஷெல்ஹித்தில் வணக்கத்துக்கு "அஸுல்", நன்றிக்கு "தன்மிர்த்" என்று கற்றுக்கொண்டோம். பாதையில் உயிரைக் காக்கும் அந்த ஒரு சொல்லைக் கற்கவில்லை. கழுதைக்காரர் தன் கடமையைச் செய்தார், இரண்டு முறை குரல் கொடுத்தார். வளைவுக்கு முன் நாங்கள் மணியும் அடிக்கவில்லை, குரலும் கொடுக்கவில்லை. அது அவர்கள் சாலை. மூட்டையும், மாடும், பள்ளிப் பிள்ளைகளும் போகும் சாலை.

கிழிந்த மூட்டைக்குப் பணம் கொடுக்கப் போனேன். அவர் கையை உதறினார். ஊர்ப் பிள்ளைகளும் நாங்களுமாகக் குனிந்து பொறுக்கினோம், பாதி நசுங்கியிருந்தது. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் அது ஒரு பங்கு. வழிகாட்டி மறுநாள் அவரிடம் பேசி, சந்தை விலைக்கு அந்த மூட்டையை நாங்கள் வாங்கியதாகவே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கணக்கை முடித்தார். வாங்கிய பொருளுக்குப் பணம் என்றால் அவரால் வாங்கிக்கொள்ள முடிந்தது.

காப்பீடு

சுருக்கமாக: எங்கள் பயணக் காப்பீட்டில் மலைநடைக்கு இடம் இருந்தது, மலைச் சைக்கிளுக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். ஆறு பேரில் ஒருவரும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. மருத்துவச் செலவை ஆறாகப் பிரித்துக்கொண்டோம். நடையும் சைக்கிளும் சேர்ந்த பயணம் போகிறவர்கள் பாலிசியில் இரண்டு சொல்லும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மொராக்கோவில் ஊர்ப்புறங்களில் ஜாந்தர்மரி என்னும் காவல் படையின் எண் 177, ஆம்புலன்ஸ் 15. போகும் முன்பே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு

ஏஜென்சிக்கு இந்த ஆய்வை முழுவதும் அனுப்பினோம். மூன்று கோரிக்கை வைத்தோம். ஒன்று, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டிக் கேட்டால் பிரேக்கை இடம் மாற்றித் தர வேண்டும். வயர் பிரேக்கில் அது சில நிமிட வேலை, ஹைட்ராலிக்கில் ஹோஸை மாற்றி எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதால் முந்தின நாளே செய்தாக வேண்டும். இரண்டு, சைக்கிள்கள் ஐந்தாம் நாள் மாலையே தஷெதிர்த்துக்கு வந்துவிட வேண்டும். இருக்கை உயரமும் பிரேக்கும் அன்று மாலையே, இரண்டு வழிகாட்டிகளும் சேர்ந்து நிற்க, தட்டையான இடத்தில் பழக வேண்டும். மூன்று, துணை வண்டி முன்னால் போகாமல் கடைசி சைக்கிளுக்குப் பின்னால் வர வேண்டும்.

முதல் இரண்டையும் உடனே ஏற்றார்கள். மூன்றாவதற்கு, பைகளை இறக்க இன்னொரு வண்டி தேவைப்படும், செலவு ஏறும் என்றார்கள். அந்தச் செலவை நாங்கள் கொடுப்பதாக எழுதிவிட்டோம். அடுத்த குழுவில் எட்டுப் பேர். டீச்சர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். இப்போது ஞாயிறு காலைகளில் எங்களுக்கு முன்னே வந்து, பிரேக்கை இடம் மாற்றிய ஒரு வண்டியில், இடது ஆள்காட்டி விரலை மட்டும் வைத்து, பள்ளி மைதானத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார்.